லோடு அண்ணனின் மீசையும் ஊதாப் பவளமும்

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், லிஃப்டுக்கு நேர் எதிர் வீட்டில் இருப்பவரை எல்லோரும் லோடு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தாய் வயதுள்ள நானே அண்ணன் என்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மனிதர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். எதைக் கேட்டாலும் லோடுக் கணக்கில்தான் பதில் வரும். "பசிக்குதா?" என்றால் "ஒரு லோடு பசி" என்பார். "சௌக்கியமா?" என்றால் "அரை லோடு சௌக்கியம், மீதி முட்டி வலி" என்பார். கல்யாணமான புதிதில் அவர் மனைவி ஆசையாக "என் மேல உங்களுக்கு எவ்வளவு பிரியம்?" என்று கேட்டிருக்கிறாள். இவர் நன்றாக யோசித்து, "மூணு ட்ரிப்" என்றாராம். அவள் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று ட்ரிப் என்பது ஒரு தெருவே குளித்து முடிக்கிற தண்ணீர் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

மீசையைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. மூக்குக்குக் கீழே பிறந்து, இரண்டு கன்னத்திலும் ஓடி, காதுக்குப் பக்கத்தில் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிற மீசை. குறுகலான சந்தில் லாரியைத் திருப்பும்போது அவர் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதில்லை, மீசையைத்தான் தடவிப் பார்ப்பார். மீசை நுழைகிற இடத்தில் லாரியும் நுழைந்துவிடும். காற்றடிக்கிற நாளில் வண்டி கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து போவதும் அதனால்தான்.

அவர் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். நாள் முழுக்க இருட்டறையில் நின்று, "முதல் வரி தெரியுதா? ரெண்டாவது வரி? சரி, இப்பவாவது தெரியுதா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அதே குரல்தான். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் துண்டைக் காட்டி அவள் "இது தெரியுதா?" என்று கேட்டால், லோடு அண்ணன் தானாகவே ஒரு கண்ணை மூடிக்கொள்வார்.

நாள் தவறாமல் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரை ஏற்றி இறக்குகிற இந்த மனிதர் வீட்டில், ஃபிரிட்ஜுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல், பெரிய பிஸ்கட் டப்பா அளவில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஒரு கடல்.

அது வந்த கதை இது. அவர் தண்ணீர் இறக்குகிற இடங்களில் வளர்ப்பு மீன் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் ஒல்லியானவர், மீன்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று மெதுவாகவே பேசிப் பழகியவர். ஒரு நாள் குழாயை மாட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்த லோடு அண்ணன், ஒரு தொட்டியில் ஊதா நிறத்தில் கிளைவிட்ட பவளம் ஒன்றைப் பார்த்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கீழ்த்தொட்டி நிரம்பி, வாசல் நனைந்து, பக்கத்துக் கடைச் செருப்புகள் ஜோடி ஜோடியாகத் தெருவில் புறப்பட்டுப் போன பிறகுதான் குழாய் ஞாபகம் வந்தது. இந்த ஆளை இப்படியே விட்டால் கடையே மிதந்துவிடும் என்று பயந்தோ என்னவோ, கடைக்காரர் ஒடிந்த துண்டுகள் மூன்றைக் கல்லில் ஒட்டிக் கொடுத்தார். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. பச்சையில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று, ஊதாவில் ஒன்று. கூடவே கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஆரஞ்சிலும் வெள்ளையிலும் பட்டை போட்ட ஒரு மீன்.

"அண்ணே, சின்னத் தொட்டிதான் ரொம்பக் கஷ்டம்," என்றார் கடைக்காரர். "பெரிய தொட்டியில தப்புப் பண்ணினா அது மெதுவா நடந்து வரும். இதுல ஓடி வரும். உப்பு ஏறக் கூடாது, இறங்கக் கூடாது. சூடும் அப்படித்தான். வாரா வாரம் கொஞ்சம் தண்ணியை எடுத்துட்டுப் புதுசா உப்புத் தண்ணி ஊத்துங்க. மீனுக்குத் தீனி ஒரு சிட்டிகை. ஒரே ஒரு சிட்டிகை."

"சிட்டிகைதானே, போட்டுடலாம்."

"இன்னொண்ணு. கோவிச்சுக்காதீங்க. உங்க லாரித் தண்ணி மட்டும் வேண்டாம். நல்லா வடிகட்டின தண்ணியா வாங்கிக்குங்க."

லோடு அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. "இத்தனை வருஷம் ஊருக்கே ஊத்தினேன். இந்தப் பொத்தானுக்கு ஆகாதாமா?" என்று வழியெல்லாம் புலம்பியபடியே வடிகட்டிய தண்ணீர் கேனைத் தோளில் சுமந்துகொண்டு, தன் லாரியைத் தாண்டி, அதை நிமிர்ந்து பார்க்காமல் நடந்து வந்தார்.

அன்றிலிருந்து அவருக்கு இரண்டு வாழ்க்கை. வெளியே வால்வைத் திறந்தால் காலடியில் வெள்ளம். உள்ளே சொட்டு எண்ணி விடுகிற வேலை. சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். மீனுக்குச் சின்னவர் என்று பெயர் வைத்து, மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் "சின்னவர் எழுந்தாச்சா? சின்னவர் இன்னிக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காரு?" என்று விசாரிப்பார். சின்னவரும் இவர் மீசை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த உடனே வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து, மேலும் கீழுமாக ஓர் ஆட்டம் ஆடுவார். ஆட்டத்தில் மனசு இளகி லோடு அண்ணன் ஒரு சிட்டிகை தீனி போடுவார்.

அந்தச் சிட்டிகையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். துருப்பிடித்த வால்வைத் திருகித் திருகித் தடித்துப்போன விரல்கள் அவை. அவருடைய ஒரு சிட்டிகையை ஜன்னலில் வைத்தால், ஒரு குருவிக் குடும்பம் வந்து சாப்பிட்டு, மிச்சத்தை மாமியார் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகும். ஆனால் அவர் மனசாட்சி சுத்தம். சொன்னது ஒரு சிட்டிகை. போட்டதும் ஒரு சிட்டிகை.

முதலில் உப்பில் ஒரு தகராறு வந்தது. தொட்டியில் தண்ணீர் நாளுக்கு நாள் குறைந்தது. கடல் தண்ணீர் குறைந்தால் கடல் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும் என்று இவர் உப்புக் கரைத்து ஊற்றிக்கொண்டே வந்தார். பச்சை சுருங்கிப்போனது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, பானையில தண்ணி வத்தினா உப்பு எங்க போகும்?"

"எங்க போகும்? பானையிலதான் கிடக்கும்."

"அப்ப நீங்க எதுக்கு மேல மேல உப்பைக் கொட்டறீங்க? போனது தண்ணிதானே? வெறும் தண்ணி ஊத்துங்க."

லோடு அண்ணன் கொஞ்ச நேரம் பானையைப் பார்த்தார், கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தார். பிறகு கேனை எடுத்தார். உப்பு மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தது. பச்சை குடைபோல விரிந்தது. ஆரஞ்சு, பொத்தானிலிருந்து பூவாகியது. ஊதா மட்டும் வரவில்லை. அது வந்த சில வாரத்திலேயே மங்கி, காப்பிப் பொடி நிறத்துக்குப் போய், அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. உயிரோடுதான் இருந்தது. ஆனால் எந்த ஊதாவுக்காக அடுத்தவர் செருப்பையெல்லாம் மிதக்கவிட்டாரோ, அந்த ஊதா இல்லை.

இந்த நிலையில்தான் மச்சான் வந்தார்.

லோடு அண்ணன் மனைவிக்கு ஒரே அண்ணன். நகைக் கடையில் எடை போடுபவர். மூச்சுவிட்டால் முள் அசையும் என்று வேலை நேரத்தில் மூச்சையே சிக்கனமாக விடுகிறவர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மில்லி. உதட்டுக்கு மேலே பென்சிலால் கோடு இழுத்த மாதிரி ஒரு மீசை. அதற்கு மேல் வளர்த்தால் வீண் செலவு. தங்கை வீட்டுக்கு வரும்போது பிஸ்கட் வாங்கி வருவார், பாக்கெட்டாக அல்ல, தலைக்கு ஒன்றாக.

மில்லி தொட்டிக்கு முன்னால் குனிந்தார். "என்ன மாப்பிள்ளை இது?"

"பவளம், மச்சான்."

"பவளமா?" சட்டைப் பையிலிருந்து, கல் பார்க்கிற குட்டி பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். "பவளம்னா சிவப்பா, கெட்டியா இருக்கும், மோதிரத்துல பதிப்பாங்க. தினம் எடை போடறவன்கிட்டயே பவளம்னு காட்டறீங்களே. இது பாசி."

"இது உசுரோட இருக்கிற பவளம், மச்சான்."

"பாசிக்கும் உசுரு உண்டு."

"பச்சையைப் பாருங்க. ஆரஞ்சைப் பாருங்க. அந்தக் கடைசில இருக்கு பாருங்க, அது ஊதா."

"ஊதாவா!" மில்லி நிமிர்ந்து தங்கையைக் கூப்பிட்டார். "ஏம்மா, ஊர்ல இருக்கிறவங்க கண்ணெல்லாம் பாக்கறியே, வீட்டுக்காரர் கண்ணை ஒரு தடவை பாரு. காப்பிப் பொடி அவருக்கு ஊதாவாத் தெரியுதாம்."

தங்கை வாய்க்குள் சிரித்துவிட்டாள். அதுதான் லோடு அண்ணனைச் சுட்டது. மீசையை ஒரு பக்கம் முறுக்கினார், மறுபக்கமும் முறுக்கினார்.

"ஊதா வரும். வரலேன்னா என் மீசையை எடுத்துடறேன்."

தொட்டியின் குட்டி மோட்டார்கூட ஒரு நிமிஷம் நின்று காதைத் தீட்டிக்கொண்டது. வாசற்படியில் நின்றிருந்த நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

"எப்போ வரும்?" என்றார் மில்லி.

"நீங்க அடுத்த தடவை முடி வெட்டிக்கறதுக்குள்ள."

கெட்டிக்காரத்தனமான பேச்சு. ஏனென்றால் மில்லி முடி வெட்டிக்கொள்வது சூரிய கிரகணம் மாதிரி, நாலு பேர் கூடி நின்று பார்க்கிற விஷயம். தோளைத் தொட்டால்தான் கடைக்குப் போவார். அன்று அது காதைக்கூடத் தொடவில்லை. லோடு அண்ணன் கையில் ஒரு யுகமே இருந்தது. தீர்ப்புச் சொல்ல மனைவியை வைத்தார்கள். கண் விஷயத்தில் அவள் பொய் சொல்ல மாட்டாள் என்று இருவருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் லோடு அண்ணன் பட்ட பாடு கொஞ்சமா? காப்பி நிறக் கல்லை விளக்குக்குப் பக்கத்தில் ஏற்றினார். வெளிறிப்போய்விடுமோ என்று பயந்து இறக்கினார். தொட்டி விளக்கில் வெள்ளைக்கு ஒரு சுவிட்ச், நீலத்துக்கு ஒரு சுவிட்ச்; இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டார். உப்பை அளந்தார், சூட்டை அளந்தார், கண்ணாடியில் படிகிற பழுப்பைத் தினமும் சுரண்டினார். அதுவோ சுரண்டச் சுரண்டப் படிந்தது. மீன் கடைக்காரரிடம் கேட்டால் அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"தீனி எவ்வளவு போடறீங்க?"

"நீங்க சொன்ன மாதிரி ஒரு சிட்டிகை."

"அதையும் குறைங்களேன்."

"சிட்டிகைக்குக் கீழே என்னங்க இருக்கு? சின்னவர் பட்டினி கிடக்கணுமா?"

கடைக்காரர் மெதுவாகப் பேசுகிறவர் என்பதால் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. லோடு அண்ணனும், கவலையாக இருக்கிற நேரத்தில் சின்னவர் முகத்தைப் பார்த்தால் ஆறுதலாக இருக்கிறது என்று, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தொட்டி முன் நின்றார். நின்றால் ஆட்டம். ஆட்டம் வந்தால் சிட்டிகை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் மில்லி. கழுத்தில் பவுடர். காதோரம் பளிச்சென்று சுத்தம். கைக்கு ஒரு துண்டு முடிகூட அகப்படாத அளவுக்கு ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணா!" என்றாள் தங்கை. "இதுக்காகவா காசைக் குடுத்து முடி வெட்டிட்டு வந்தே?"

"வெயில் காலம்," என்றார் மில்லி. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

லோடு அண்ணன் எழுந்து தொட்டிக்குப் பக்கத்தில் வந்தார். அந்த நேரம் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நீல வெளிச்சத்தில் எல்லாமே மினுங்கும்; அந்தக் காப்பிப் பொடியும் கிட்டத்தட்ட ஊதாவாகத்தான் தெரிந்தது. நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய், "அப்படியே விட்டுடுங்க அண்ணே, மீசை தப்பிச்சுடும்," என்று கிசுகிசுத்தேன். அவர் கையும் கொஞ்ச நேரம் சுவிட்ச் பக்கம் போகவில்லை. பிறகு நீலத்தை அணைத்துவிட்டு வெள்ளையைப் போட்டார்.

"பகல்லயும் ஊதாவா இருந்தாத்தான் அது ஊதா," என்றார் என்னைப் பார்த்து.

மனைவி குனிந்தாள். கடைக் குரலில் ஆரம்பித்தாள். "பச்சை தெரியுது. ஆரஞ்சு தெரியுது. மூணாவது..." குரல் இறங்கிவிட்டது.

"மூணாவது?"

"காப்பிங்க."

மில்லிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. முடிக்குக் கொடுத்த காசு வீணாகாமல் ஜெயித்துவிட்டார். ஆனால் எதிரே நிற்பது தங்கை புருஷன். "விடுங்க மாப்பிள்ளை, ஏதோ பேச்சுக்குச் சொன்னது. வேணும்னா ஓரத்துல கொஞ்சம் கத்தரிச்சுக்குங்க, போதும்."

"நான் லோடு லோடாத்தான் பேசுவேன் மச்சான். பாதியில வால்வை மூடற பழக்கம் இல்ல," என்று சொல்லிவிட்டு லோடு அண்ணன் குளியலறைக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் வெகு நேரம் கேட்டது.

வெளியே வந்தவரைப் பார்த்து மனைவி, "யாருங்க வேணும்?" என்றாள். சிரிக்க வைக்கத்தான் கேட்டாள்; கேட்ட பிறகு அவளுக்கே உண்மையாகவே சந்தேகம் வந்து, கையிலிருந்த டார்ச்சை அடித்துக் கண்ணைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். மேலுதடு மட்டும் வெயிலே படாத வெளுப்பில், யாருடைய உதட்டையோ இரவல் வாங்கி ஒட்டிய மாதிரி இருந்தது. மறுநாள் தண்ணீர் ஏற்றும் இடத்தில் காவல்காரர் லாரியை உள்ளே விட்டார், ஓட்டி வந்தவரை விடவில்லை. வண்டிகூட முதல் கியரில் கொஞ்சம் தயங்கிப் பிறகுதான் கிளம்பியதாம்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டார். சின்னவர் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை.

வேலை முடிந்து வந்து தொட்டிக்கு முன்னால் நின்றார். சின்னவர் ஒரு பார்வை பார்த்தார். சர்ரென்று கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். ஆட்டமும் இல்லை, பாட்டமும் இல்லை. தீனி போட்டால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போட்டதெல்லாம் அடியில் படிய, லோடு அண்ணன் சின்னக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே எடுத்தார். அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் தீனி டப்பாவைத் திறக்கவே இல்லை.

"முகம் மாறிடுச்சுல்ல, பயப்படறாரு," என்று என்னிடம் சொன்னார். "பட்டினியாக் கிடக்காரும்மா."

அன்று மாலை நான் போனபோது, நாற்காலியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, மனைவி புருவம் எழுதுகிற பென்சிலால் அவர் முகத்தில் மீசை வரைந்துகொண்டிருந்தாள். "ஆடாதீங்க. கன்னத்தை உப்புங்க. அந்தப் பக்கம் காது வரைக்கும் போகணுமா?" வரைந்து முடித்ததும் அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். கல்லுக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு கண் வந்தது. பிறகு மூக்கு. பிறகு முழுச் சின்னவரும் வந்து ஆடினார் பாருங்கள் ஓர் ஆட்டம்!

சரியாக அந்த நேரம் பார்த்து மில்லி உள்ளே நுழைந்தார்.

"இது என்ன மாப்பிள்ளை? மீசையா?"

"மை, மச்சான். சின்னவருக்காக."

"மையோ மயிரோ, மீசை இருக்கிற இடத்துல இருந்தா அது மீசைதான். எடுக்கறேன்னு சொன்னது சொன்னதுதானே?"

"அண்ணா," என்றாள் தங்கை, "மூக்குல கண்ணாடி மாதிரி படம் வரைஞ்சுட்டா எழுத்துத் தெரியுமா? வரைஞ்சது எப்படி மீசையாகும்?"

"மீனே மீசைன்னு ஒத்துக்கிட்டு ஆடுதே, அப்புறம் என்ன?"

லோடு அண்ணன் துண்டை எடுத்து அழுந்தத் துடைத்தார். சின்னவர் கல்லுக்குப் பின்னால் மறைந்தார். தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது.

"சரி, உன் பேச்சாலதானே இந்த வாயில்லாப் பூச்சி பட்டினி கிடக்கு? உனக்கும்தான் மீசைன்னு ஒரு கோடு இருக்கே. நீயே வந்து போடு."

மில்லி முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார். சின்னவர் எட்டிப் பார்த்தார். இந்தக் கோட்டை மீசைக் கணக்கில் சேர்ப்பதா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். சேர்க்கலாம் என்று முடிவு செய்து மெதுவாக வந்தார்.

மில்லி தீனி டப்பாவைத் திறந்தார். இரண்டு விரல் நுனியால், மூச்சை நிறுத்தி, எடைத் தட்டில் தங்கத் தூள் வைப்பதுபோல எடுத்தார். இரண்டு துணுக்கு. ஒன்றைத் திரும்ப டப்பாவில் போட்டார். தங்கை முறைக்கவும் மறுபடி எடுத்தார்.

"அவ்வளவுதானா மச்சான்?" என்று லோடு அண்ணன் பதறினார்.

"விரல்நகம் சைஸ்ல ஒரு ஆளு. இவருக்கு என்ன பந்தியா போடறது?"

சின்னவர் இரண்டையும் தின்றுவிட்டு மேலே பார்த்தார். மில்லி டப்பாவை மூடிவிட்டார்.

மீசை இல்லாத வீட்டில் வேறு வழி? மில்லி தினமும் கடை அடைத்துவிட்டு வரத் தொடங்கினார். முதலில் முனகிக்கொண்டு வந்தார். பிறகு முனகாமல் வந்தார். பிறகு பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டே மாடிப்படி ஏறினார். தீனி போட ஒரு நொடி. பார்க்க ஒரு மணி நேரம். லோடு அண்ணன் தண்ணீர் மாற்ற, இவர் உப்பை எடை போட்டுக் கொடுத்தார். "மாப்பிள்ளை, கண்ணாடியில பழுப்பு முன்ன மாதிரி படியலையே, பாத்தீங்களா?" என்றார் ஒரு நாள். பார்த்தார்கள். தண்ணீரும், தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிந்திருந்தது.

ஒரு மாலை மில்லி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டவர் அசையவே இல்லை. "ஏம்மா, இங்க வா. வெள்ளை விளக்குதானே எரியுது?"

"ஆமா."

"அந்தக் கடைசிக் கல்லு. நுனியை மட்டும் பாரு. என்ன கலர்?"

தங்கை பார்த்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். மறு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"ஊதா."

"பவளம், மாப்பிள்ளை!" என்று மில்லி கத்திய கத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். "பவளம்! பவளம்!"

நுனியில் தொடங்கிய ஊதா, நாட்கள் போகப் போகக் கிளை வழியாக இறங்கியது. மில்லி இதெல்லாம் தன் மீசை ராசி என்றார். லோடு அண்ணன் தான் கல்லை ஏற்றி இறக்கியதன் பலன் என்றார். சண்டை முற்றி, மீன் கடைக்காரரைக் கூட்டி வந்துவிட்டார்கள். அவர் ஊதாவைப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளைக் காகிதம் கேட்டார்.

"ரெண்டு பேரும் இதுல ஆளுக்கு ஒரு சிட்டிகை தீனி வைங்க."

வைத்தார்கள். ஒரு பக்கம் மணல் மேடு. இன்னொரு பக்கம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

"அண்ணே," என்று கடைக்காரர் அந்த மேட்டை மெதுவாகத் தொட்டார். "பவளத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. அது இருக்கணும், இல்லன்னா பவளமும் இல்ல. ஆனா நீங்க கொட்டினதுல மீன் தின்னது போக மிச்சமெல்லாம் தண்ணியில கரைஞ்சு, அதுங்களுக்கு விருந்தாயிடுச்சு. வாடகைக்கு வந்தவங்க வீடு முழுக்கப் பெருகி, வீட்டுக்காரர் முகமே வெளிய தெரியல. இப்ப விருந்து நின்னுச்சு. கூட்டம் குறைஞ்சுது. வீட்டுக்காரர் தலையை நீட்டறாரு."

லோடு அண்ணன் தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மில்லி தாராளமாக நடந்துகொண்ட நாள் அவர் ஜாதகத்திலேயே ஒன்றுதான் இருந்திருக்கும், அது அன்றுதான். "மாப்பிள்ளை, ஊதா வந்தாச்சு. கொஞ்சம் லேட்டா வந்துச்சு, அவ்வளவுதான். நீங்க தோக்கல. மீசையை வளத்துக்குங்க," என்றார்.

மீசை வளர்ந்தது. கன்னம் தாண்டியது. காவல்காரர் சலாம் வைத்தார். லாரி சந்தில் ஒழுங்காகத் திரும்பியது. மனைவியும் டார்ச்சை எடுத்து உள்ளே வைத்தாள். எல்லோரையும்விடச் சின்னவருக்குத்தான் சந்தோஷம். பழைய ஆள் வந்துவிட்டார் என்று மேலும் கீழுமாக ஒரே ஆட்டம். தீனி போடுவது மில்லியின் வேலைதான், டப்பாவும் அவர் கைக்கு எட்டுகிற அலமாரியில்தான். ஆனால் லோடு அண்ணன் கை லாரி ஏறி இறங்குகிற கை அல்லவா, எந்த அலமாரிக்கும் எட்டும்.

கொஞ்ச நாளில் மில்லி பூதக்கண்ணாடியை எடுத்தார். "நுனி மங்குது. யாரோ இங்க கள்ளத் தீனி போடறாங்க."

"என்னங்க," என்றாள் மனைவி, கடைக் குரலில், தொட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த பழுப்பை விரலால் காட்டி. "இது தெரியுதா?"

லோடு அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். "அவர் ஆடறப்ப மனசு கேக்கலியே. மீசையைப் பாத்துட்டுத்தானே ஓடி வர்றாரு. சும்மா எப்படித் திருப்பி அனுப்பறது?"

யாரும் திட்டவில்லை. சபதம் கிபதம் எதுவும் பேச்சில் வரவில்லை. அவர் எழுந்தார். மீசையின் இரண்டு முனையையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு குளியலறைக்குப் போனார்.

"மாப்பிள்ளை, என்ன பண்றீங்க? அதான் விட்டுக்குடுத்துட்டேனே!" என்று மில்லி கதவைத் தட்டினார்.

"உங்களுக்காக இல்ல மச்சான்," என்றது உள்ளேயிருந்து குரல். "கதவைத் தட்டாதீங்க, ஷேவ் பண்றப்ப பேசினா அறுத்துக்கும்."

வெளுத்த உதட்டோடு வெளியே வந்தார். மனைவி யாருங்க வேணும் என்று கேட்கவில்லை. துண்டை மட்டும் நீட்டினாள். அவர் நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். சின்னவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கல்லுக்குப் பின்னால் போய்விட்டார். லோடு அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, வெள்ளை வெளிச்சத்தில், ஊதாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.